அழுகுணி ஆட்டம்: ப்ளேஸ்டேஷன் உடைப்பும் ‘திருடன்’ என்ற சொல்லும்

1

‘வீடியோ கேம் பற்றி எழுத என்ன இருக்கு, அது பையன்கள் சமாச்சாரம்’ என்று சொல்கிற நண்பர்களுக்கு ஒரு எண்ணை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: 7 கோடியே 70 லட்சம். 2011 ஏப்ரலில் சோனி நிறுவனத்தின் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் உடைக்கப்பட்டபோது அதில் இருந்த கணக்குகளின் எண்ணிக்கை அது. பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி, பாஸ்வேர்ட் எல்லாம் போயின. கடன் அட்டை எண்களும் போயிருக்கலாம், இல்லையென்று சொல்வதற்கில்லை என்றது நிறுவனம். ஜெர்மனியின் மக்கள்தொகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் எந்த அரசும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துப் பெற்ற பட்டியல் இல்லை இது. விளையாட வேண்டும் என்பதற்காக மனிதர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்தது.

ஏப்ரல் 17க்கும் 19க்கும் இடையில் உடைப்பு நடந்தது. 20ஆம் தேதி நிறுவனம் நெட்வொர்க்கை மூடியது. வெளியாள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று 22ஆம் தேதி சொன்னது. உங்கள் விவரங்கள் களவு போய்விட்டன என்பதை 26ஆம் தேதிதான் சொன்னது. மே 1 அன்று டோக்கியோவில் கஸுவோ ஹிராயும் மற்ற அதிகாரிகளும் பத்திரிகையாளர் முன் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாளே இன்னொரு செய்தி: நிறுவனத்தின் வேறொரு பிரிவான சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட்டிலும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகள் போயிருக்கின்றன. நெட்வொர்க் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மே மாதம் பாதி ஆகிவிட்டது.

இந்த மூன்றரை வாரத்தில் விளையாட்டுக்காரர்கள் மத்தியில் பெரிய சண்டை நடந்தது. நான் இங்கே வாசிக்க நினைப்பது அந்தச் சண்டையை, அதாவது அது பேசிய மொழியை. ஒரு கட்சி: ‘ஹேக்கர் திருடன், அவனைப் பிடித்து உள்ளே போடு, அவனால்தான் எங்கள் ஆட்டம் நின்று போச்சு.’ இன்னொரு கட்சி: ‘சோனிதான் திருடன், ஒரு சின்னப் பையன்மேல் கேஸ் போட்டானே, அதுக்கு இது சரியான பதிலடி.’ இரண்டு கட்சிக்கும் சொல் ஒன்றுதான், ஆளைத்தான் மாற்றிப் போடுகிறார்கள். தெருவில் பிள்ளைகள் ஆடுகிற திருடன்–போலீஸ் ஆட்டம் போல. இந்த இருமை எதிர்வுக்குள் மூன்றாவதாக ஒருவன் மறைந்து போகிறான். பெயரைக் கொடுத்தவன், காசைக் கொடுத்தவன், கடைசியில் இரண்டு பக்கமும் கைதட்ட மட்டும் அனுமதிக்கப்பட்டவன். விளையாடுகிறவன்.

2

அந்தப் ‘பதிலடி’ வாதத்தைப் புரிந்துகொள்ள ஐந்தாண்டு பின்னால் போக வேண்டும். 2006 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்தபோது அதில் ‘அதர் ஓஎஸ்’ என்று ஒரு வசதி இருந்தது. வாங்கியவர் விரும்பினால் அதில் லினக்ஸைப் போட்டு அதைக் கணினியாகப் பயன்படுத்தலாம். விளம்பரத்திலேயே சொல்லி விற்றது இது. அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊரில் 1,760 ப்ளேஸ்டேஷன்களை ஒன்றாகக் கோர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே செய்தது. பையன்கள் சமாச்சாரம் என்று சொன்ன நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் அந்த வசதியின் வழியாகக் கருவியின் உள்ளடுக்கைத் திறக்க முடியும் என்று காட்டினார். ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற புதிய மென்பொருளை அனுப்பி சோனி அந்த வசதியையே எடுத்துவிட்டது. பாதுகாப்புக்காக என்றது. விருப்பமில்லாதவர்கள் புதிய மென்பொருளை ஏற்க வேண்டாம், ஆனால் ஏற்காவிட்டால் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. புதிய மென்பொருள் கேட்கிற ஆட்டங்களையும் ஆட முடியாது. விமானப்படைக்கு நெட்வொர்க் தேவையில்லை, ஆகவே அது பழைய மென்பொருளோடு நிம்மதியாக இருந்துகொள்ளலாம். காசு சேர்த்து வாங்கிய சாதாரண ஆளுக்கு அந்த வசதி கிடையாது. வாங்கிய பொருளில் பாதியை விட்டுக்கொடுத்தால்தான் மறுபாதி வேலை செய்யும்.

இதற்குத் தமிழில் பொருத்தமான ஒரு பெயர் இருக்கிறது: அழுகுணி ஆட்டம். தோற்கிற மாதிரி இருக்கும்போது ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுகிறவனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்.

2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு ஒரு விஷயத்தை மேடையில் சொல்லிக் காட்டியது. இந்தக் கருவி தன்னிடம் வருகிற மென்பொருள் அசல்தானா என்பதைச் சோனியின் ரகசியக் கையெழுத்தை வைத்துச் சோதிக்கும். அந்தக் கையெழுத்துக் கணக்கில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைத் தற்செயலாகப் பொறுக்க வேண்டும். சோனி ஒவ்வொரு முறையும் அதே எண்ணைப் போட்டிருந்தது. இரண்டு கையெழுத்துகள் கிடைத்தால் இரண்டு சமன்பாடுகள், தெரியாத எண்கள் இரண்டு. மிச்சம் பள்ளிக்கூட அல்ஜீப்ரா. ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். சில நாட்களில் ஹாட்ஸ் கருவியின் மூலச் சாவியை வெளியிட்டார். 2011 ஜனவரி 11 அன்று சோனி அவர்மேல் வழக்குப் போட்டது. அவருக்கு வயது 21.

வழக்கில் நடந்த ஒரு விஷயத்தை இரண்டு கட்சியும் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். ஹாட்ஸ் நியூஜெர்ஸிக்காரர், வழக்கு நடந்ததோ கலிபோர்னியாவில். அவர் செயலுக்கும் கலிபோர்னியாவுக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட, 2009 ஜனவரியிலிருந்து அவருடைய இணையப் பக்கத்தைப் பார்த்தவர்களின் கணினி முகவரிகளைத் தரும்படி கேட்டது சோனி. 2011 மார்ச்சில் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. இவர்கள் எதையும் உடைத்தவர்கள் இல்லை. வந்து படித்துவிட்டுப் போனவர்கள், அவ்வளவுதான். படித்தவர்களின் பட்டியலைக் கேட்டு நீதிமன்றப் படியேறிய அதே நிறுவனத்தால் அடுத்த மாதம் தன்னிடம் இருந்த 7 கோடியே 70 லட்சம் பேரின் பட்டியலைக் காப்பாற்ற முடியவில்லை. பெயர்களைச் சேர்ப்பதில் இருந்த வேகம் காப்பதில் இல்லை. ஹாட்ஸ் வழக்கு சமரசமாகிவிட்டது என்ற அறிவிப்பு ஏப்ரல் 11 அன்று வந்தது. ஒரு வாரத்துக்குள் உடைப்பு.

3

யோஹான் ஹூய்சிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938-இல் ‘ஹோமோ லூடன்ஸ்’ என்ற நூலை எழுதினார். விளையாட்டைப் பற்றிய சிந்தனைக்கு இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து கோடு போட்டுப் பிரித்த ஒரு வட்டம், அதற்குள் வேறு காலம், வேறு விதி, பொருளாதாய நோக்கம் அங்கே இல்லை என்பது அவர் வாதம். அவர் சொன்ன இன்னொன்று நமக்கு முக்கியம். ஏமாற்றி ஆடுகிறவனையும் ஆட்டத்தைக் கலைக்கிறவனையும் அவர் பிரிக்கிறார். ஏமாற்றுகிறவன் வட்டத்தை ஒத்துக்கொண்டது போல் நடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறான். கலைக்கிறவன் வட்டமே பொய் என்று காட்டிவிடுகிறான். அதனால் சமூகம் ஏமாற்றுகிறவனைக்கூட மன்னித்துவிடும், கலைக்கிறவனை மன்னிக்காது.

2011-இல் விளையாட்டுக்காரர்களில் பலர் ஹாட்ஸ்மேல் காட்டிய கோபத்தை இது நன்றாக விளக்குகிறது. அவர்கள் அழுகுணி ஆட்டம் ஆடிய நிறுவனத்தை மன்னித்தார்கள், ‘இந்தக் கருவி உன்னுடையது இல்லை’ என்று காட்டியவரை மன்னிக்கவில்லை. ஆனால் ஹூய்சிங்காவின் வட்டம் இந்த இடத்துக்கு மேல் நமக்கு உதவாது. தெருவில் ஆடும்போது வட்டம் போடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் ஒருவரேதான். இங்கே வட்டத்தைப் போட்டது ஒரு கம்பெனி. விதி எழுதுவது அது, நடுவர் அது, தரையும் அதற்குச் சொந்தம். உள்ளே நுழைய முகவரியும் கடன் அட்டையும் கொடுக்க வேண்டும். அன்றாட வாழ்வை வெளியே நிறுத்தியதாகச் சொல்கிற வட்டத்தின் அடித்தளமே அன்றாட வாழ்வின் ஆவணங்கள்தான்.

இதை நெட்வொர்க் மூடிய நாட்கள் கண்ணுக்குத் தெரியும்படி காட்டின. ஏப்ரல் 19 அன்று சோனியின் ‘சோகாம் 4’ விற்பனைக்கு வந்தது, பலர் கூடி ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட தொடரில் ஒன்று. மறுநாள் நெட்வொர்க் மூடிவிட்டது. வாங்கியவர்கள் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது பரவாயில்லை, பலரோடு ஆட நெட்வொர்க் வேண்டும் என்பது புரிகிறது. கேப்காம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபைட்: டபுள் இம்பாக்ட்’, ‘பயோனிக் கமாண்டோ ரீஆர்ம்ட் 2’ ஆகியவற்றைத் தனியாக உட்கார்ந்து ஆடக்கூட முடியவில்லை. கருவி வீட்டில் இருக்கிறது, ஆட்டம் அதன் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, காசு கட்டியாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தொலைவில் ஒரு சர்வர் ‘ஆடலாம்’ என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லை, ஆட்டமும் இல்லை.

இதைத்தான் அந்தச் சண்டை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். திருடன் வந்ததால் ஆட்டம் நின்றது சரி. திருடன் வந்தால் என் வீட்டுக்குள் இருக்கிற பொருள் ஏன் நிற்கிறது?

4

அல்தூஸர் 1970-இல் எழுதிய கருத்துநிலை பற்றிய கட்டுரையை நம் வாசகர்கள் அறிவார்கள். தெருவில் போலீஸ்காரர் ஒருவர் கூப்பிடுகிறார், நடந்து போகிறவன் திரும்பிப் பார்க்கிறான், அந்தத் திரும்பலில் அவன் தன்னிலையாகிறான். லாக்–இன் என்பது இந்த விளித்தலின் தினசரி வடிவம். கருவியைப் போட்டதும் அது உன்னைப் பெயர் சொல்லிக் கேட்கிறது, நீ உன் பெயரைச் சொல்லி உள்ளே போகிறாய். ‘தன்னிலை’ என்ற மொழிபெயர்ப்பைவிட இந்த இடத்தில் நம்முடைய ‘குடி’ என்ற பழைய சொல் பொருந்தும். மன்னனுக்குக் கீழ்ப்பட்டவனும் குடிதான், அடுத்தவன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனும் குடிதான். 2006-இல் கடையில் காசு கொடுத்து வாங்கியவன் 2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு இரண்டு அர்த்தத்திலும் குடியாகிவிட்டான். அவன் தன்னை இன்னும் வாங்கியவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்வதில் விளையாட்டுச் செய்திக்கு ஒரு பங்கு உண்டு. இந்தச் செய்தியின் இலக்கணம் எதிர்காலம். என்ன வரப்போகிறது, எப்போது வரும், எவ்வளவு விலை என்பதே அதன் பெரும்பகுதி. உடைப்பு நடந்த நாட்களிலும் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ‘எப்ப வரும்?’ என்பதாகவே இருந்தது. கரண்ட் போன வீட்டில் கேட்பது போல. நிறுவனத்தின் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு வெளியீட்டுத் தேதி போல வாசிக்கப்பட்டது. ஜூன் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஈ3 கண்காட்சியையொட்டி நடந்த கூட்டத்தில் ஜாக் ட்ரெட்டன் மேடையேறி முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ‘ப்ளேஸ்டேஷன் வீட்டா’ என்ற புதிய கருவியின் பெயரும் விலையும் அறிவிக்கப்பட்டன. 249 டாலர். மன்னிப்பும் விலையும் ஒரே மேடையில். செய்தி மறுபடியும் எதிர்காலத்துக்குப் போய்விட்டது.

5

சரி, நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். அதிகாரத்தை எதிர்க்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு ஹேக்கர்மேல் ஒரு மயக்கம் உண்டு. சட்டத்தை மீறுகிறவன் எல்லாம் நம் ஆள் என்கிற மயக்கம். 2011 ஏப்ரல் தொடக்கத்தில் அனானிமஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் ஹாட்ஸ் வழக்கைக் கண்டித்து சோனியின் தளங்களைத் திணறடித்தார்கள். இதனால் விளையாடுகிறவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் நெட்வொர்க்மேல் தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பிறகு நடந்த உடைப்பில் அவர்கள் பெயரில் ஒரு கோப்பு சர்வரில் கிடந்தது என்று சோனி அமெரிக்கக் காங்கிரஸுக்கு எழுதியது. தாங்கள் செய்யவில்லை என்று அனானிமஸ் மறுத்தது. ஹாட்ஸும் தனக்குத் தொடர்பில்லை என்றார். தன் கருவியைத் திறந்து பார்ப்பது வேறு, அடுத்தவர் சர்வரில் புகுந்து மக்களின் விவரங்களை எடுப்பது வேறு என்பது அவர் நிலை.

இந்த வேறுபாட்டை ‘பதிலடி’ கட்சி அழித்துவிட்டது. ஒருவர் வெளியிட்டது நிறுவனத்தின் ரகசியத்தை. இன்னொருவர் எடுத்தது விளையாடுகிறவர்களின் முகவரியை. முதலாவது அதிகாரத்தின் மேல் விழுகிறது, இரண்டாவது அதிகாரத்தின் கீழே இருப்பவன்மேல் விழுகிறது. இரண்டையும் ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது சோனி இரண்டையும் ‘திருட்டு’ என்ற ஒரே சொல்லில் அடைத்ததன் மறுபக்கம்தான். பெயரில்லாமல் இருக்கும் வசதி உடைத்தவனுக்கு இருந்தது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதி நிறுவனத்துக்கு இருந்தது. சொந்தப் பெயரோடு வெட்டவெளியில் நின்றது மூன்றாவது ஆள் மட்டும்.

6

பிறகு என்ன ஆயிற்று? அவனுக்கு இழப்பீடாக ஐந்து ஆட்டங்களில் ஏதாவது இரண்டு இலவசம், முப்பது நாள் சந்தா இலவசம். செப்டம்பரில் ஒப்பந்த விதிகள் மாறின. இனி எங்கள்மேல் பலர் சேர்ந்து வழக்குப் போட முடியாது, பிணக்கு என்றால் தனியாக மத்தியஸ்தரிடம் வா என்று ஒரு சரத்து சேர்ந்தது. மறுக்க வேண்டுமானால் முப்பது நாளைக்குள் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு ஒரு அழுத்தல், ‘மாட்டேன்’ என்பதற்குத் தபால். மறுபடியும் அழுகுணி ஆட்டம்.

அதற்கு முன்பே போட்ட கூட்டு வழக்கில், 2012-இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் பெரும்பகுதியைத் தள்ளியது. முழுமையான பாதுகாப்பு எதுவும் கிடையாது என்று நிறுவனம் தன் கொள்கை அறிக்கையில் முன்பே சொல்லியிருந்தது, நெட்வொர்க்கோ இலவசம் என்பவை காரணங்கள். மிச்சம் 2014-இல் இலவச ஆட்டங்களும் சந்தாக்களுமாகச் சமரசத்தில் முடிந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2,50,000 பவுண்டு அபராதம் போட்டது. மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்றது. முதலில் மேல்முறையீடு செய்யப் போன நிறுவனம் ஜூலையில் பின்வாங்கியது. வாதாடினால் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியே சொல்ல வேண்டிவரும் என்பது அது சொன்ன காரணம். அபராதம் மௌனத்தின் விலையாகிவிட்டது. ‘அதர் ஓஎஸ்’ஸைப் பிடுங்கியதற்கான வழக்கு 2018 வரை இழுத்து 37,50,000 டாலரில் முடிந்தது. எட்டு வருஷம்.

தலைமுறை ஒன்று கடந்துவிட்டது, தரையின் சொந்தக்காரன் மாறவில்லை. 2024 மார்ச் இறுதியில் யூபிஸாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை மூடியது. தனியாக ஆடவும் நெட்வொர்க் தேவைப்பட்ட ஆட்டம் அது. காசு கொடுத்தவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த முறை உடைத்தவன் என்று யாரும் இல்லை. 2011-இல் ‘திருடனால்’ நின்ற ஆட்டம் 2024-இல் நிறுவனத்தின் முடிவால் நின்றது. ஆடுகிறவனின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: முதலாவது திரும்பி வந்தது.

ஆனால் இந்த முறை வேறு ஒன்றும் நடந்தது. ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் கோரிக்கை எளிமையானது. சர்வரை மூடு, வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் விற்ற ஆட்டம் அதன் பிறகும் ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போ. ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியாக முன்வைக்கப்பட்ட இதற்கு 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைக் கடந்தன. கலிபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் வந்தது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைக் கடைக்காரன் போடக்கூடாது என்கிறது அது. சட்டம் சொல்லைத் திருத்தியிருக்கிறது, உறவைத் திருத்தவில்லை. நீ குடிதான் என்பதை இனிமேல் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கையெழுத்து இயக்கம் அதைவிட ஒரு படி மேலே போகிறது. 2011-இல் இரண்டு பக்கமும் கைதட்டிக்கொண்டிருந்த மூன்றாவது ஆள் முதல்முறையாகத் தன் இடத்திலிருந்து பேசியிருக்கிறான்.

அடுத்த உடைப்பு வராமல் இருக்கப் போவதில்லை. அது விளையாட்டு நெட்வொர்க்காகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்போதும் ‘யார் திருடன்?’ என்ற கேள்வியைத்தான் முதலில் நம் கையில் கொடுப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறு மூன்றைக் கேட்கலாம். இவ்வளவு பெயர்களை எதற்கு வாங்கினாய்? எத்தனை வருஷமாக வைத்திருக்கிறாய்? உன் சர்வர் செத்தால் என் கையில் என்ன மிஞ்சும்? 2011 ஏப்ரல் மாதம் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட்டிலிருந்து போனவற்றில் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களின் 12,700 அட்டை எண்கள் இருந்தன. அவை கிடந்தது 2007-ஐச் சேர்ந்த ஒரு பழைய தரவுத்தளத்தில். நான்கு வருஷமாக யாருக்கும் தேவைப்படாமல், யாராலும் அழிக்கப்படாமல் கிடந்த எண்கள். திருடன் வந்து எடுத்தபோதுதான் அவை அங்கே இருந்ததே தெரிந்தது.